வாடகைக்கு எடுத்த பேய்: ‘சந்திரமுகி’ தொடர்ச்சியை முன்வைத்துச் சில குறிப்புகள்

கொடைக்கானலில் இன்று எல்லோரும் குணா குகை என்று சொல்லும் இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் பேயின் அடுக்களை. 1991இல் சந்தான பாரதி இயக்கிக் கமலஹாசன் நடித்த ‘குணா’ அங்கே படமாக்கப்பட்ட பிறகு பேய் வெளியேறியது, சினிமா குடிவந்தது. ஒரு மலையிலிருந்து பேயை ஓட்டுவதற்கு மந்திரவாதி தேவையில்லை, ஒரு படமே போதும் என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் படத்தின் நாயகன் யார் என்று யோசித்தால் வேடிக்கை கொஞ்சம் மாறிவிடுகிறது. மனநல விடுதியிலிருந்து வெளியே வந்தவன். ஒரு பெண்ணை அபிராமி என்று நம்புகிறவன். அவனுக்கு வந்திருப்பது நோயா, அருளா என்ற கேள்வியைத்தான் அந்தப் படம் மலை உச்சி வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபோது அதே குகை மறுபடி திரைக்கு வந்தது. 2006இல் உள்ளபடியே நடந்த ஒரு விழுகையும் மீட்பும் அதன் கதை. அதில் பேய் இல்லை. பள்ளம் மட்டும்தான் இருக்கிறது. பயப்பட அது போதுமாகவும் இருக்கிறது.

நான் எழுத வந்தது குகையைப் பற்றி அல்ல, ‘சந்திரமுகி’யைப் பற்றி. நோயா, வேறு ஏதாவதா என்ற கேள்வியைக் கோடிக்கணக்கான தமிழர்கள் முன் வைத்த வெகுஜனப் பிரதி அதுதான் என்பதால் இந்த வழியாக வர வேண்டியிருக்கிறது.

2005 ஏப்ரல் 14 அன்று ‘சந்திரமுகி’ வெளிவந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பழனியில் அத்தையோடு பார்த்தேன். சென்னை சாந்தியில் அந்தப் படம் 800 நாட்களுக்கு மேல் ஓடியது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்ட கணக்கு. அன்றைக்கு எனக்கு நினைவில் தங்கியது அத்தை வெளியே வரும்போது சொன்னதுதான். “டாக்டர் சொல்றது இருக்கட்டும் கண்ணு, அவளுக்குள்ள வந்து நின்னவ யாரு?” படம் முழுக்க ரஜினிகாந்த் விளக்கியது, பிளவுண்ட ஆளுமை, மனம் தன்னைத்தானே இன்னொருத்தியாக நம்பிக்கொள்ளும் நிலை, எதுவும் அத்தையிடம் எடுபடவில்லை. எம்.ஏ. படித்தபோது இதை அத்தையின் அறியாமை என்று எண்ணிச் சிரித்திருக்கிறேன். இப்போது அப்படிச் சிரிக்க முடியவில்லை. அத்தை கேட்டது விஞ்ஞானக் கேள்வி இல்லை. கணக்குக் கேள்வி. கொல்லப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்று கதை சொல்கிறது. அவளுக்கு யார் பதில் சொல்வது?

பதினெட்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 28இல், ‘சந்திரமுகி 2’ வந்தது. அதே பி. வாசு, அதே வேட்டையபுரம், அதே வடிவேலு. ரஜினி இருந்த இடத்தில் ராகவா லாரன்ஸ், ஜோதிகா இருந்த இடத்தில் கங்கனா ரணாவத். இவ்வளவு காலம் காத்திருந்த படம் என்று பேசினார்களே தவிர, வாசு இந்தத் தொடர்ச்சியை முன்பே இரண்டு முறை எடுத்துவிட்டார் என்பதை இங்கே அதிகம் பேர் நினைவுபடுத்திக்கொள்ளவில்லை. 2010இல் கன்னடத்தில் ‘ஆப்தரக்ஷகா’, அதே ஆண்டில் தெலுங்கில் ‘நாகவல்லி’. தமிழுக்கு வந்தது மூன்றாவது முயற்சி. எங்கே ஆரம்பித்தது இது எல்லாம் என்று பார்க்காமல் இந்த மூன்றாவதை எடைபோட முடியாது.

தமிழ்ப் படத்தில் பேய்க்கு முதலில் வேண்டியது பெரிய வீடு. குடிசையில் பேய் வந்தால் அது சாமியாடல், பூசாரி வந்து உடுக்கை அடித்து முடித்துவிடுவார். பங்களாவில் வந்தால்தான் படம். ‘யார் நீ?’ (1966) போன்ற படங்களில் அந்தப் பேய் கடைசியில் பேயே அல்ல, சொத்துக்காக யாரோ செய்த சதி. திகிலுக்குக் கீழே ஒரு பத்திரம் கிடக்கும். பகுத்தறிவுக்கு மேடையில் இடம் இருந்த காலத்துக்கு இது பொருத்தமான முடிவுதான். அதற்குப் பதிமூன்று வருஷம் கழித்து வந்த ‘கல்யாணராமன்’ வேறு ஜாதி. அதில் பேய் உண்மை. ஆனால் பயமில்லை, சிரிப்பு. எஸ்டேட் முதலாளியின் அப்பாவி மகன் பொருளாசைக்காகக் கொல்லப்பட்டு, தன்னைப்போலவே இருக்கும் சகோதரனிடம் ஆவியாக வந்து சேர்கிறான். தமிழில் பேயும் நகைச்சுவையும் சரியாகக் கலந்த ஆரம்பகாலப் படம் அது. அதற்கு 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ என்று ஒரு தொடர்ச்சியும் வந்தது. ஆகவே பேய்ச் சிரிப்புப் படத்துக்குத் தொடர்ச்சி எடுப்பது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. அந்தத் தொடர்ச்சியும் சப்பென்றுதான் இருந்தது. முதல் படத்தில் ஆவிக்கு ஒரு வழக்கு இருந்தது. இரண்டாவதில் அதற்கு ஜப்பானைச் சுற்றிப்பார்க்கும் வேலைதான். வழக்கு முடிந்த பேயை மறுபடி அழைத்தால் இப்படித்தான் ஆகும்.

‘கல்யாணராமன்’ விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்கத் தோன்றுகிறது. எஸ்டேட்டில் செத்தவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வர அனுமதி கிடைத்தது முதலாளி மகனுக்கு.

யார் பேயாக வரலாம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொடைக்கானல் மலையைப் பார்த்தால் அதன் சரித்திரமே வேறு மாதிரி தெரிகிறது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் அடுத்தடுத்து ஆட்களையும் குழந்தைகளையும் பறிகொடுத்தார்கள். சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அதாவது தமிழ் சினிமா பேயைக் குடிவைக்கிற அந்த மலை பங்களா, உண்மையில் சாவுக்குப் பயந்து ஓடியவர்கள் கட்டியது. மேலே போவதற்குப் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதை. துரைகளையும் துரைசானிகளையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிப் போனவர்கள் அடிவாரத்துக் கூலிகள். 1916இல் மலைச்சாலை திறக்கப்படும் வரைக்கும் இதுதான் வழி. எழுபது வருஷம். துரைகளின் கல்லறைகள் இருக்கின்றன, பெயர் பொறித்து. டோலி தூக்கியவர்கள் எந்த பங்களாவின் மாடிப்படியிலும் கொலுசுச் சத்தம் எழுப்பி நான் ஒரு படத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்தக் காடுகளில் அவர்களுக்கும் முன்பிருந்த பளியர்கள் பேச்சே வேண்டாம்.

சரி, வேட்டையபுரத்துக்கு வருவோம்.

எல்லாவற்றுக்கும் மூலம் 1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’. கதை மது முட்டம். ஆலப்புழைப் பக்கத்து ஆலுமூட்டில் என்ற பெரிய வீட்டில் நடந்த துயரம் அதற்கு வித்து என்று சொல்வார்கள். படத்தின் மாடம்பள்ளி மாளிகைக்காகப் படம்பிடித்த இடங்களில் ஒன்று பத்மநாபபுரம் அரண்மனை. அது நிற்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசிடம். மலையாளப் பேயின் வீடு தமிழ்நாட்டு மண்ணில்! இதில் ஒரு பொருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தப் பேயும் தமிழச்சிதான். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லி. தமிழுக்கு வந்தபோது சந்திரமுகி தெலுங்கு பேசினாள். இந்தியில் ‘பூல் புலையா’வில் (2007) ராஜஸ்தான் அரண்மனைக்குள் வங்காளத்து மஞ்சுளிகா. எந்த மொழிக்காரன் படம் எடுத்தாலும் பேய் மட்டும் பக்கத்து மொழிக்காரி. ஆடுகிறவள், காசுக்கோ கட்டாயத்துக்கோ கொண்டுவரப்பட்டவள், வீட்டுக்கு உரிமை இல்லாதவள். நம்முடைய மற்றமையை இவ்வளவு ஒழுங்காக எந்தக் கோட்பாட்டாளரும் பட்டியல் போட்டுத் தந்ததில்லை.

மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இன்னொரு மாற்றமும் நடந்தது. மாடம்பள்ளி கணவனின் பரம்பரை வீடு. வேட்டையபுரம் அரண்மனையைப் பிரபு விலைகொடுத்து வாங்குகிறார். மலையாளத்தில் வீட்டின் பாவம் குடும்பத்தின் பாவம். வாரிசுதான் அதைச் சுமக்கிறான். தமிழில் அது சொந்தக்காரன் மாறிய ஆஸ்தி, முன்னால் நடந்ததற்கு வாங்கியவன் பொறுப்பில்லை. மலையாளத்தில் கங்காவுக்கு ஓர் இளம்பருவம் உண்டு. பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் கிராமத்தில் வளர்ந்து, திடீரென்று பிடுங்கிக்கொண்டு போகப்பட்ட குழந்தை. அவளுக்குள் நாகவல்லி வருவதற்கு அவள் வாழ்க்கையிலேயே ஒரு பள்ளம் வெட்டிவைத்திருந்தார்கள். தமிழில் அது மெலிந்துபோய், அந்த இடத்தை ரஜினி நிரப்பினார். ஜோதிகாவின் கண்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

இவ்வளவு குறை சொன்னாலும் முதல் ‘சந்திரமுகி’யை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியது 2001 ஆகஸ்டில். நான்கு வருஷம் கூட ஆகவில்லை. இந்தச் சூழலில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம் மனநல மருத்துவனாக வந்து, இது பேய் இல்லை, நோய், இவளை அடிக்காதே, கட்டாதே என்று நின்றது சின்ன விஷயமில்லை. அதே சமயம் அவன் மந்திரவாதியை விரட்டுவதும் இல்லை. கடைசியில் மருத்துவனும் மந்திரவாதியும் சேர்ந்து ஒரு நாடகம் நடத்துகிறார்கள். பொம்மை வேட்டையன் எரிகிறான், சந்திரமுகி பழிதீர்த்த நிறைவோடு போகிறாள். நோய் என்று சொன்ன படமே, அவளுக்கு ஒரு நீதி தேவைப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது. அத்தையின் கேள்விக்குப் படம் தெரியாமலே பதில் சொன்ன இடம் இது. இந்த இரட்டைத்தன்மைதான் படத்தின் பலம் என்பது என் வாசிப்பு.

வடிவேலுவின் சிரிப்பும் இங்கிருந்துதான் பிறக்கிறது. பயந்து நடுங்கும் ஓர் உடம்பு, பக்கத்திலேயே பயப்படாத ஓர் உடம்பு. இரண்டுக்கும் நடுவில் பார்வையாளன். பயப்படவும் செய்யலாம், பயத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம் என்ற சுதந்திரம் அவனுக்குக் கிடைக்கிறது.

மருத்துவனிடமே கடைசிச் சொல்லை ஒப்படைப்பதில் ஆபத்து இல்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. அதற்கும் கொடைக்கானலுக்கே போகலாம். எண்பதுகளில் அங்கே தொடங்கி, பிறகு இந்துஸ்தான் லீவர் வசம் வந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடி குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டுவந்த பிறகு. தங்கள் உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தொழிலாளர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் பாதரசத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிறுவனம், நிபுணர்களை வைத்து, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. வேட்டையபுரத்தில் மருத்துவன் ‘இது நோய்’ என்று சொல்லி ஒருத்தியைக் காப்பாற்றினான். கொடைக்கானலில் ‘இது நோயில்லை’ என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களை வாயடைக்கப் பார்த்தார்கள். சொல்லும் அதிகாரம் ஒன்றுதான். அது யார் பக்கம் நிற்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘சந்திரமுகி’க்குப் பிறகு லாரன்ஸ் ‘முனி’யையும் (2007) ‘காஞ்சனா’வையும் (2011) எடுத்தார். சிறுபத்திரிகை ஆட்கள் இவற்றை மதிப்பதில்லை. இரைச்சல், அருவருப்பு, அம்மா இடுப்பில் ஏறிக்கொள்ளும் தடிமாடு, எல்லாம் சரிதான். ஆனால் மருத்துவனை வெளியேற்றிவிட்டுப் பேயை உண்மையாக்கிய இந்தப் படங்கள்தான் யார் பேயாக வரலாம் என்ற விதியை உடைத்தன. முனியாண்டி, அரசியல்வாதியை நம்பி ஏமாந்த எளியவன். காஞ்சனா திருநங்கை, அவளோடு செத்தவர்கள் அவளுக்கு அடைக்கலம் தந்த இஸ்லாமியரும் அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனும். அவர்களைக் கொன்றது, அவள் வாங்கிய நிலத்துக்கு ஆசைப்பட்ட அரசியல்வாதி. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடக் குச்சி நட்ட காலி மனைக்கு அடியில் பிணங்கள். பங்களாவிலிருந்து பேயைப் புறம்போக்குக்கு இறக்கிய படம் அது. தீர்வு என்னவோ சாமி சிலைக்கு முன்னால் நடக்கும் சண்டைதான், வழக்குமன்றம் இல்லை. ஆனால் வழக்கு என்ன என்பதில் குழப்பம் இல்லை. அதன் பின்னால் வந்த ‘அரண்மனை’ வரிசை, சந்தானத்தின் ‘தில்லுக்கு துட்டு’ வரிசை இவை எல்லாம் சிரிப்பை எடுத்துக்கொண்டன, வழக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டன.

எனவே 2023இல் லாரன்ஸ் வேட்டையபுரத்துக்குள் நுழைகிறார் என்றதும் எனக்கு ஆசை வந்தது. அத்தை கேட்ட கேள்வியும் காஞ்சனாவின் மனையும் ஒரே வீட்டில் சந்திக்கப்போகின்றன என்று நம்பினேன். பழனிக்குப் போய் அதே அத்தையோடு பார்த்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, கதையில் இரண்டு நல்ல கருக்கள் இருக்கின்றன. ஒன்று, வேட்டையன் ராஜாவே இல்லை. ராஜாவை ஒழித்துவிட்டு அவன் பெயரையும் சிம்மாசனத்தையும் எடுத்துக்கொண்ட தளபதி செங்கோட்டையன் என்பது. பதினெட்டு வருஷமாக நாம் கைதட்டிக் கொண்டாடிய அந்தக் கொடூர மன்னன் ஒரு திருட்டு மன்னன்! அரண்மனை, பட்டம், பரம்பரை எல்லாவற்றின் மீதும் ஒரே கேள்வியில் மண்ணைப் போடக்கூடிய இடம். படம் அதை வைத்து வாள்சண்டை போடுகிறது. இரண்டு ஆவிகள் இரண்டு உடம்புகளில் புகுந்து கத்தி வீசிக்கொள்கின்றன, அவ்வளவுதான். கங்கனா ஆடுகிறார், கோபப்படுகிறார். ஆனால் இந்த சந்திரமுகிக்கு உயிரோடிருக்கும் எந்தப் பெண்ணின் வலியோடும் உறவில்லை. முதல் படத்தில் கங்காவின் தனிமையில் இடம்பிடித்தாள். இதில் லட்சுமி மேனனின் உடம்பைப் பிடித்துக்கொள்கிறாள், பஸ்ஸில் சீட் பிடிப்பதுபோல.

பேயை உண்மையாக்கியது தவறென்று நான் சொல்லவில்லை. ‘காஞ்சனா’வில் உண்மைதானே. ஆனால் இங்கே பேய் உண்மையாகும்போது வீடு பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறது. இந்தக் குடும்பம் அரண்மனையின் வாரிசும் இல்லை, அதை வாங்கியதும் இல்லை. குலதெய்வக் கோயிலுக்கு நேர்த்தி செய்ய வந்து, தங்குவதற்கு வாடகைக்கு எடுத்திருக்கிறது. மலையாளத்தில் வாரிசு, 2005இல் கிரயம், 2023இல் வாடகை. பொறுப்பு படிப்படியாகக் குறைந்து, கடைசியில் பேய் என்பது விடுதியில் கொசுத் தொல்லை மாதிரி, பூசை போட்டால் போய்விடுகிற இடைஞ்சலாகிவிட்டது. மருத்துவன் இருந்த இடத்தில் குரு இருக்கிறார். பயப்படாத ஆள் ஒருவர்கூட மிச்சமில்லாததால் வடிவேலுவுக்கும் துணையில்லை; பழைய நடுக்கத்தையே மறுபடி நடுங்கிக் காட்டுகிறார், சிரிப்பு வரவில்லை. அவர் குற்றமில்லை அது.

கன்னடத்தில் இதைவிடப் பெரிய விபரீதம் நடந்தது. ‘ஆப்தமித்ரா’வில் கங்காவாக நடித்த சௌந்தர்யா, படம் வெளிவரும் முன்பே 2004 ஏப்ரலில் விமான விபத்தில் இறந்தார். தொடர்ச்சியான ‘ஆப்தரக்ஷகா’ வெளிவரும் முன்பே 2009 டிசம்பரில் விஷ்ணுவர்தன் இறந்தார். நாகவல்லி பழிவாங்குகிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. பேய் இல்லை என்று சொன்ன படத்திலிருந்தே ஒரு பேய் எழுந்துகொண்டது. கணக்குத் தீராத இடத்தில் ஜனங்கள் தாங்களாகவே ஒரு தொடர்ச்சி எழுதிவிடுகிறார்கள்.

மலைமேல் இருக்கும் வீடு என்றதும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலுக்கு விதியை மீறி மாடிகள் கட்ட அனுமதி தரப்பட்ட வழக்கு. 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்கு அதில் தண்டனை அறிவிக்கப்பட்டது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனை அறிவித்த அன்றைக்கே தருமபுரியில் கட்சிக்காரர்கள் கொளுத்திய பேருந்தில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் எரிந்து செத்தார்கள். மலைமேல் ஒரு கட்டடம், கூடுதலாகச் சில மாடிகள், எங்கோ தொலைவில் கருகிய மூன்று பெண்கள். பேய்ப் படத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. எரிப்பதற்குத் தலைகீழாக வைத்த பொம்மை வேட்டையன்தான் இல்லை. அந்த மூவரை வரவழைக்கும் துணிச்சல் உள்ள ஒரு கேளிக்கைப் படத்தைத் தமிழில் கற்பனை செய்து பார்க்கிறேன், முடியவில்லை.

நல்ல கருக்கள் இரண்டு என்றேன். இரண்டாவது, அந்த வாடகைக் குடும்பத்தோடு வரும் இரண்டு பிள்ளைகள். வீட்டை எதிர்த்துக் கலியாணம் பண்ணிக்கொண்டு போன மூத்த மகளின் பிள்ளைகள். அவள் செத்துப்போய்விட்டாள். பிள்ளைகளைக் குடும்பத்தார் முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை; லாரன்ஸ்தான் பாதுகாவலர். ஆணவக் கொலைகளைத் தினமும் பேப்பரில் படிக்கிற ஊர் இது. படம் இதை ஒரு சென்டிமென்ட் காட்சியாக்கிவிட்டு, இருநூறு வருஷத்துக்கு முந்தைய தளபதியைத் தேடிப் போய்விடுகிறது.

படம் முடிந்து பழனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அத்தைக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடக்க முடியும். எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச தூரம் எதுவும் பேசவில்லை.

“அந்தப் புள்ளைக ஆத்தாக்காரி எங்கடா போனா? வந்தா அவல்ல வந்திருக்கோணும்” என்றாள்.